உடைமையைப் பகுத்து வைத்தலும் அறமே

(தசலட்சணப் பருவத்தின் எட்டாம் நாளாகிய உத்தம தியாக நன்னாளில், ஜினாலய வளாகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று தியாகத்தின் நாள். தியாகத்தைப் பற்றிப் பேசுக என்று அறங்காவலர்கள் பணித்தபோது, முனிவர்தம் முழுத் துறவைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குத் தகுதியில்லை என்று எண்ணினேன். நாம் இல்லறத்தார். வீடும் நிலமும் வங்கிக் கணக்கும் நகையும் உடையவர்கள். ஆயினும் ஒரு நாள் இவை அனைத்தையும் விட்டுச் செல்லப் போகிறவர்கள். விரும்பி விட்டால் அது தியாகம். விரும்பாமலே விடுபட்டுப் போனால் அது வெறும் இழப்பு. இவ்விரண்டுக்கும் இடையில் இல்லறத்தானுக்கென ஓர் எளிய வழி உண்டு. உயில் எழுதி வைத்தல் என்னும் அந்தக் கடமையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

திருநாள் அவையில் உயிலைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்னும் அச்சம் நம் இல்லங்களிலும் நிலவுகிறது. இவ்வச்சம் பிறருக்குப் பொருந்தினாலும் பொருந்தலாம். அருகன் நெறியினர்க்குப் பொருந்தாது. எண்வகை வினைகளுள் ஆயு கர்மமும் ஒன்று என்று கற்றவர்கள் நாம். நம் வாழ்நாளின் அளவை வரையறுப்பது அவ்வினையே. ஒரு தாளும் ஒரு பேனாவும் அதனைக் கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது. பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் முதலாவதாக நிலையாமைச் சிந்தனையை வைத்த சமயம் நம்முடையது. நாள்தோறும் நிலையாமையைச் சிந்திக்கச் சொன்ன நெறியில் வந்தவர்கள், ஒருநாள் அமர்ந்து உயில் எழுத அஞ்சுவது முரணன்றோ?

நம் முன்னோர் காட்டிய வழியை முதலில் காண்போம். ஆதிநாதராகிய ரிஷப தேவர் துறவு மேற்கொள்ளும் முன்னர் என்ன செய்தார்? அரசை அப்படியே விட்டுவிட்டுக் காட்டிற்கு ஏகினாரா? இல்லை. மூத்த மகன் பரதனுக்கு அயோத்தியையும் பாகுபலிக்குப் போதனபுரத்தையும் அளித்து, ஏனைய மைந்தர்க்கும் உரியவற்றை உரிமையாக்கிய பின்னரே துறவு பூண்டார். சீவகனும் தன் மகன் சச்சந்தனுக்கு முடிசூட்டிய பிறகே தவம் மேற்கொண்டதாகச் சிந்தாமணிக் காப்பியம் கூறுகிறது. ஜினசேன ஆசாரியர் தம் ஆதிபுராணத்தில் கொடையைத் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என நான்காக வகுத்துள்ளார். இவற்றுள் நான்காவதாகிய அன்வயதத்தி என்பது, தன் குடும்பப் பொறுப்பையும் பொருளையும் உரியவரிடம் முறையாக ஒப்படைத்தல். சகலதத்தி என்றும் அதற்குப் பெயர். வழித்தோன்றல்களுக்குப் பொருளை முறைப்படி ஒப்படைப்பதையும் கொடையாகவே எண்ணிய பெருநோக்கு இது. இன்றைய உயிலை அந்த அன்வயதத்தியின் எழுத்து வடிவம் என்றே நான் கருதுகின்றேன்.

ரிஷப தேவர் அவ்வளவு செம்மையாகப் பகுத்தளித்த பின்னரும் பரதனுக்கும் பாகுபலிக்கும் போர் மூண்டதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. தந்தை பகுத்ததில் பிழை இல்லை. பிறர் பங்கும் தனக்கே வேண்டும் என்ற மூத்தவனின் வேட்கையே போருக்குக் காரணம். எனவே உயில் எழுதுவது மட்டும் போதாது. பெற்றதில் நிறைவு கொள்ளும் மனத்தையும் மக்களுக்கு ஊட்ட வேண்டும். ஆனால் எழுத்தில் தெளிவு இருந்துவிட்டால், யார் எல்லை மீறுகிறார் என்பதேனும் ஊருக்குத் தெரியும். தெளிவே இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தாமே நியாயத்தின் பக்கம் நிற்பதாக நம்பிப் போரிடுகிறார்கள்.

அத்தகைய போர் ஒன்றை அருகிருந்து கண்டிருக்கிறேன். நான் ஆசிரியப் பணி ஆற்றிய ஊரொன்றில் நம் சமூகத்துப் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். நாள் தவறாமல் ஜினபூசை செய்தவர். இரவு உணவை ஒழித்தவர். எறும்புக்கும் வழிவிட்டு நடந்தவர். ஆறு ஏக்கர் நன்செய், ஓர் ஓட்டு வீடு, கடைத்தெருவில் ஒரு மனை ஆகியவை அவருடைய உடைமைகள். இரண்டு மகன்கள், ஒரு மகள். இளையவர் ஊரிலேயே இருந்து பெற்றோரைப் பேணி, நிலத்தையும் பயிரிட்டார். மூத்தவர் சென்னையில் வேலையில் இருந்தார். வீடு இளையவனுக்கு, மனை மூத்தவனுக்கு, நிலத்தில் மகளுக்கும் பங்கு என்று பெரியவர் திண்ணையில் அமர்ந்து பலரிடமும் சொல்லி வந்தார். எழுதி மட்டும் வைக்கவில்லை. என் பிள்ளைகள் ஒற்றுமையானவர்கள், எழுத்து எதற்கு என்பார்.

அவர் மறைந்து ஓராண்டு நிறைவதற்குள் வழக்கு நீதிமன்றத்திற்குச் சென்றது. வாய்ச்சொல்லுக்குச் சாட்சிகள் இருந்தனர். ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். நிலம் தரிசானது. இளையவர் தாம் செலவிட்ட மருத்துவச் செலவுக் கணக்கை எடுத்து வைத்தார். மூத்தவர் தாம் அனுப்பிய பணவிடைச் சீட்டுகளை எடுத்து வைத்தார். தங்கை இருவர் வீட்டிற்கும் வருவதை நிறுத்திக்கொண்டார். திருவிழாவில் பல்லக்கின் முன் தண்டையும் பின் தண்டையும் தோள் மாற்றித் தாங்கிய உடன்பிறந்தார் இருவர், அதே பல்லக்கின் இருபுறமும் முகம் பாராமல் நடந்ததைக் கண்டேன். தாயார் இரு வீட்டிற்கும் நடுவே மாதக் கணக்கில் மாறி மாறி வாழ்ந்து முடித்தார். எறும்புக்கும் தீங்கு எண்ணாத ஒருவர் எழுதாமல் விட்ட இரண்டு பக்கம், அவருடைய மக்களின் நெஞ்சில் எத்தனை ஆண்டுக் காலப் பகையை வளர்த்துவிட்டது! சினம், செருக்கு, வஞ்சம், பற்று என்னும் நான்கு கஷாயங்களும் ஒரே வீட்டில் குடியேறின. பொருளைக் காக்கும் வெறியால் எழும் சிந்தனையையும் ரௌத்திர தியானத்தின் ஒரு வகையாக நம் நூல்கள் எண்ணுகின்றன. நம் மறைவுக்குப் பின் நம் மக்கள் அந்தத் தியானத்தில் விழாமல் காப்பதும் அகிம்சைதானே?

உயில் இல்லாமல் இறந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்துகொள்வோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும் என்று அதன் இரண்டாம் பிரிவே கூறுகிறது. சமயத்தால் நாம் வேறானவர். வாரிசுரிமையில் மட்டும் அச்சட்டத்திற்கு உட்பட்டவர். அச்சட்டப்படி ஓர் ஆண் உயிலின்றி இறந்தால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாகச் சமபங்கு பெறுவர். தந்தை அவ்வகுப்பில் இல்லை. முதிய தந்தையைப் பேணி வரும் மகன் ஒருவர் உயிலின்றி மறைந்தால், அத்தந்தைக்கு நேர்பங்கு கிடைக்காது. பெண் ஒருவர் உயிலின்றி இறந்தால், மகன், மகள், கணவர் ஆகியோர் சமமாகப் பெறுவர். மக்களும் கணவரும் இல்லாத பெண்ணின் சொத்தோ, அவர் தாமே ஈட்டியதாயினும், கணவரின் வாரிசுகளுக்கே முதலில் செல்லும். அவரைப் பெற்ற தாய் தந்தையர் அதற்குப் பின்னரே வருவர். பெற்றோர் வழியாக வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். பணிபுரிந்து ஓய்வு பெற்ற, மக்கட்பேறு இல்லாத கைம்பெண்கள் நம் சமூகத்தில் பலர் உளர். தம்மைப் பேணும் தங்கை மகளுக்கோ ஜினாலயத்திற்கோ தம் பொருள் சேர வேண்டும் என்று அவர்கள் நினைத்தால், உயில் ஒன்றே வழி.

இனி, எதனை உயிலில் எழுதலாம்? தாமே ஈட்டிய சொத்து முழுவதையும் விரும்பியவர்க்கு எழுதலாம். பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தாயின் தமக்குரிய பங்கை மட்டுமே எழுத இயலும். மனைவி மக்களின் பங்கை எழுதும் உரிமை எவர்க்கும் இல்லை. அத்தகைய பூர்விகச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை உண்டு. நம் மாநிலம் 1989ஆம் ஆண்டிலேயே, அதுவரை மணமாகாத மகள்களுக்கு அவ்வுரிமையை வழங்கியது. 2005ஆம் ஆண்டின் மையச் சட்டத் திருத்தம் அதனை எல்லா மகள்களுக்கும் விரித்தது. தந்தை அத்திருத்த நாளில் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தெளிவாக்கியது. எச்சொத்து பூர்விகம், எது சுயார்ஜிதம் என்பதை நம் நினைவைக் கொண்டு முடிவு செய்யாமல், மூலப் பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டி முடிவு செய்தல் வேண்டும்.

உயில் எழுதும் முறை நாம் அஞ்சும் அளவிற்குக் கடினமானதன்று. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதனை வகுத்துள்ளது. பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனமுடைய எவரும் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். நல்ல தமிழிலேயே எழுதலாம். எழுதுபவர் கையொப்பம் இட வேண்டும். இயலாதவர் பெருவிரல் ரேகை இடலாம். சாட்சிகள் இருவர் கையொப்பமிட வேண்டும். எழுதியவர் கையொப்பமிட்டதை அவர்கள் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அல்லது இது என் கையொப்பமே என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். சாட்சிகளும் அவர் முன்னிலையிலேயே கையொப்பமிட வேண்டும். முழுவதையும் தம் கைப்படவே எழுதினாலும் சாட்சிகள் இன்றியமையாதவர்கள்.

நடைமுறைக்குரிய சிலவற்றையும் கூறுவேன். சாட்சிகள் உங்களினும் இளையவராக இருக்கட்டும். பின்னாளில் வழக்கு வந்தால், உயிருடன் உள்ள சாட்சி ஒருவரேனும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக்குதல் நன்றன்று. பெறுபவரே முன்னின்று உயிலை எழுதுவித்தால் நீதிமன்றம் ஐயத்துடன் நோக்கும். அந்த ஐயத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டு வருபவருடையது என்று 1959ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எழுபது வயது கடந்தவர்கள், தெளிந்த மனத்துடன் இருப்பதாக மருத்துவரிடம் சான்று பெற்று இணைத்துக்கொள்வது நலம். சட்டம் அதனைக் கட்டாயமாக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு நாள் குறிப்பிடுங்கள். நிலமாயின் ஊர், புல எண், பரப்பு, நான்கெல்லை, பட்டா எண் ஆகியவற்றைப் பிழையின்றி எழுதுங்கள். உங்கள் விருப்பத்தை நிறைவேற்றும் பொறுப்பாளர் ஒருவரை, அவருடைய இசைவைப் பெற்று, பெயர் சுட்டி அமர்த்துங்கள். மனவளர்ச்சி குன்றிய மகனோ மகளோ உள்ள இல்லங்களில், அப்பிள்ளையின் பங்கை யார் காத்துச் செலவிட வேண்டும் என்பதை விரிவாக எழுதுதல் பெற்றோரின் தலையாய கடமை.

உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தல் பாதுகாப்பானது. எழுதியவர் வாழும் காலத்தில் அவரோ அவருடைய முகவரோ அன்றிப் பிறர் அதன் நகலைப் பெற இயலாது. எனவே வீட்டில் மனத்தாங்கல் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழியுண்டு. எழுதிய உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். முறைப்படி எழுதிய இறுதி உயிலே செல்லும். உயிர் உள்ளவரை சொத்து உங்களுடையதே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். உயில் வேறு, செட்டில்மென்ட் பத்திரம் வேறு. செட்டில்மென்ட் எழுதிப் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். நினைத்தபடி திரும்பப் பெற இயலாது. அன்பின் மிகுதியால் அனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, தாம் கட்டிய வீட்டிலேயே விருந்தினர் போல் ஒடுங்கி வாழும் முதியோரை நாம் அறிவோம். எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டால், தம்மைப் பேணிக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்தல் வேண்டும். அந்நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தை நாடி அப்பத்திரத்தைச் செல்லாததாக்கலாம்.

வங்கியில் நாமினியாக ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டேன், அதுவே போதும் என்று கருதுவோரும் உளர். வங்கி வைப்புத்தொகையைப் பெற்றுக்கொள்ளும் உரிமையே நாமினிக்கு உண்டு. உரிமையாளர்கள் வாரிசுகளே என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே நாமினியின் பெயரும் உயிலில் உள்ள பெயரும் ஒத்திருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இங்ஙனம். இனி அறத்தின் பக்கம் வருவோம். சுயார்ஜிதச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதச் சட்டம் இடம் தருகிறது. மகளை முற்றாக விலக்கவும் இடம் தருகிறது. ஆனால் சட்டம் இடம் தருவதெல்லாம் அறமாகிவிடுமா? சீர் செய்துவிட்டோம், நகை போட்டுவிட்டோம், இனி அவள் வேற்று வீட்டாள் என்று சொல்வது நம் நெறிக்கு அழகன்று. மகன் செய்யும் சடங்கால் தந்தை நற்கதி அடைவார் என்பது நம் கொள்கையன்று. அவரவர் வினையே அவரவர்க்குத் துணை. அப்படியிருக்க, மகனுக்கு மட்டும் உயர்வு எங்கிருந்து வந்தது? ரிஷப தேவர் தம் புதல்வியர் இருவருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் தாமே கற்பித்தார். கல்வியில் பெண்ணை ஒதுக்காத பெருமானின் வழியினர், உடைமையில் ஒதுக்கலாமா? பங்கில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். உடனிருந்து பேணியவர்க்குச் சற்று மிகுதியாகக் கொடுப்பது நியாயமே. ஆனால் அதன் காரணத்தை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். குறைவாகப் பெற்றவர் மனத்தை அவ்விரண்டு வரி ஆற்றும். வழக்கு வந்தால் நீதிமன்றத்திற்கும் அது விளக்கமாகும். மனைவிக்குத் தம் வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டில் வசிக்கும் உரிமையும், பிறர் கையை எதிர்பாராத வருவாயும் இருக்குமாறு முதலில் எழுதிவிட்டுப் பிறகு மக்களுக்குப் பகுத்தளியுங்கள்.

உயில் எழுதத் தொடங்குவோர் முதலில் செய்வது உடைமைப் பட்டியல் தயாரித்தல். நமக்கு இது புதிதன்று. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் ஏற்கும் சாவகர், நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், ஆடை, கலம் என வகைப்படுத்தி ஒவ்வொன்றிற்கும் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? தன்னிடம் உள்ளது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்காதவர் எல்லை வகுக்க முடியாது. பட்டியலை எழுதி முடித்ததும், இத்தனையா என்னிடம் இருக்கிறது என்ற வியப்பும், இதில் எனக்குத் தேவை எவ்வளவு என்ற வினாவும் தாமே எழும். அந்த வினாவே தியாகத்தின் தொடக்கம்.

ஆதலின் பட்டியலில் ஒரு வரி அறத்திற்கும் இருக்கட்டும். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்துள் எதற்கேனும் ஒரு சிறு பகுதியை எழுதுங்கள். ஏழை மாணவர் ஒருவரின் கல்விச் செலவாகவோ, ஜினாலயத்தின் நித்திய பூசைக்காகவோ, ஓலைச்சுவடிகளைக் காக்கும் பணிக்காகவோ அது அமையலாம். எழுதும்போது தெளிவு வேண்டும். கோயிலுக்கு என்று மட்டும் எழுதினால் எந்தக் கோயில், யார் பெறுவது, எதற்குச் செலவிடுவது என்ற குழப்பம் எழும். அறக்கட்டளையின் பதிவுப் பெயர், முகவரி, நோக்கம் மூன்றையும் குறிப்பிடுங்கள். ஆரணி அருகே உள்ள திருமலையில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. வணிகர் ஒருவரின் மனைவியாகிய சாமுண்டப்பை என்பார் குந்தவை ஜினாலயத்திற்கு விளக்கெரிக்க அளித்த கொடையை அது பதிவு செய்கிறது. கொடுத்தவர் யார், அவர் எவ்வூரினர், எக்கோயிலுக்கு, எதற்காக என்பவை அதில் ஐயமின்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. ஓராயிரம் ஆண்டுகள் கடந்தும் அப்பெண்மணியின் விருப்பம் நமக்கு விளங்குகிறது. நம் உயிலும் அத்தகைய தெளிவுடன் அமைதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனை மேற்கொள்வார்க்குக் கூறிய முதற்படி உண்ணாமையன்று. அன்பு, பகை, பற்று, உடைமை ஆகியவற்றை விட்டுத் தூய மனத்தினராகி, சுற்றத்தாரையும் பணியாளரையும் இன்சொல்லால் மன்னித்து, அவர்களிடம் தாமும் மன்னிப்புப் பெறுவதே முதற்படி. நம்மில் எத்தனை பேருக்கு அந்த நிறைவான முடிவு வாய்க்கும் என்று கூற இயலாது. திடீரென நினைவிழந்து மருத்துவமனையில் கண் மூடுவோரே இக்காலத்தில் மிகுதி. எனவே உடைமையை விடுவதையும் மன்னிப்பு வேண்டுவதையும் நலமாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவது அறிவுடைமை. உயிலுடன் தனியாக ஒரு கடிதமும் எழுதி வையுங்கள். அதில் சொத்துப் பேச்சு வேண்டா. மக்களே, உங்களை நான் கடிந்து பேசிய நாள்கள் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்; நீங்கள் என்னை வருத்தியவற்றை நான் என்றோ மறந்துவிட்டேன்; ஒருவரை ஒருவர் கைவிடாதீர்கள் என்று நான்கு வரி எழுதினால் போதும். வீட்டையும் நிலத்தையும் விட அந்த நான்கு வரியை அவர்கள் நெடுங்காலம் போற்றி வைத்திருப்பார்கள்.

இன்னும் இரண்டு நாளில் தசலட்சணப் பருவம் நிறைவுறும். அதன் பின்னர் க்ஷமாவாணி நாளில் ஒருவரை ஒருவர் கண்டு மன்னிப்பு வேண்டுவோம். அதற்குள் பெரியோர் ஒவ்வொருவரும் உடைமைப் பட்டியலையாவது எழுதி முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டம் பயின்ற நம் இளைஞர்கள், ஜினாலய வளாகத்திலேயே மாதம் ஒருநாள் அமர்ந்து முதியோர்க்கு உதவ முன்வர வேண்டும் என்ற வேண்டுகோளையும் அறங்காவலர் முன் வைத்து, என் உரையை நிறைவு செய்கின்றேன்.

அருகன் அறம் வாழ்க. இல்லங்கள்தோறும் ஒற்றுமை ஓங்குக.